தாம்பூலப் பையில் என் நாவல்

என் மனைவியிடம் பதினோரு மாதம் பொய் சொன்னேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு சொல்தான். "எத்தனை பக்கம்?" என்று கேட்பாள். "மூணு" என்பேன். சில நாள் முகத்தைக் கொஞ்சம் சோர்வாக வைத்துக்கொண்டு "ரெண்டுதான் வந்துது" என்பேன். அந்த "ரெண்டுதான்" இருக்கிறதே, அதற்குத்தான் இப்போது அதிகமாக வெட்கப்படுகிறேன். மூணு என்பது வெறும் பொய். ரெண்டுதான் என்பதில் நடிப்பும் சேர்ந்திருந்தது.

முப்பத்தாறு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, அறுபத்தெட்டாவது வயதில், என் முதல் நாவலை எழுதி முடித்தேன். மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒருவர் பதில் போடவில்லை. ஒருவர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மூன்றாமவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். என் வயதுக்காரனிடம் அடுத்த வருடம் என்று அவ்வளவு லேசாகச் சொல்லக் கூடாது. நானே அச்சடித்துவிட்டேன்.

மந்தைவெளியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு காலியாக இருந்த அறையில் புத்தகக் கட்டுகள் குடியேறின. கட்டிலுக்குக் கீழே, கட்டிலுக்கு மேலே, பீரோவின் தலையில். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவனுக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் புரியும். எழுதியவன், பதிப்பித்தவன், விற்பவன், உறை ஒட்டுபவன், தபாலாபீஸ் வரிசையில் நிற்பவன் எல்லாம் ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்கு மூட்டு வலி வேறு.

என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். என் நாவலை இரண்டே நாளில் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "அடுத்தது எப்போ?" என்றாள். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை அதைவிட நல்லது ஒன்று வரவில்லை.

கேட்டதோடு நிற்கவில்லை. காலை ஆறு முதல் ஒன்பது வரை என் நேரம் என்று அறிவித்தாள். பதினான்கு வருடமாக அவளும் நான்கு தோழிகளும் விடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பார்கள். நடந்து முடித்து எங்காவது டிபன் சாப்பிட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு எட்டரைக்கு வருவாள். அந்த நேரத்தில் வீட்டுக் காவல் நான்தான். பால் எடுப்பது, தண்ணி மோட்டார் போடுவது, வேலைக்கார அம்மாவுக்குக் கதவு திறப்பது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு எழுத நேரம் வேண்டும் என்று அவள் நடையை நிறுத்திவிட்டு இந்த வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினாள். வேலைக்கார அம்மாவை ஒன்பதுக்கு மேல் வரச் சொன்னாள். சத்தம் என் காதில் விழக் கூடாது என்று ஒன்பது மணிக்கு முன் மிக்ஸியைத் தொட மாட்டாள். அதனால் எங்கள் வீட்டில் சட்னி நின்றது. பதினோரு மாதம் இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான்.

நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்றும் வாங்கித் தந்தாள். "நீங்க படிக்கச் சொல்ற வரைக்கும் இதைத் திறக்க மாட்டேன்" என்றாள். திறக்கவும் இல்லை. மேசையைத் துடைக்கும்போது நோட்டைத் தூக்கி, அடியில் துடைத்து, அதே கோணத்தில் வைப்பாள்.

முதல் வாரம் உண்மையாகவே எழுதினேன். பதினோரு பக்கம். எட்டாம் நாள் காலை, அடையாறிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் என் முதல் நாவலைப் பற்றிப் போனில் இரண்டு வரி அனுப்பியிருந்தார். படித்தேன், பிடித்திருந்தது, நன்றி. அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்குப் பதில் எழுத எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. எழுதி, அழித்து, எளிமையாகத் தோன்றும்படி மறுபடி எழுதி அனுப்பினேன். பிறகு அந்த இரண்டு வரியை இன்னும் நாலு பேருக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அங்கே ஆரம்பித்தது.

இரண்டு மாதத்தில் பத்தொன்பது வாட்ஸ்அப் குரூப்புகளில் இருந்தேன். பழைய மாணவர்கள், லஸ் பூங்காவில் நடப்பவர்கள், மூத்த குடிமக்கள், மூட்டு வலிக்காரர்கள், மாடித் தோட்டம் போடுகிறவர்கள். எங்கள் வீட்டில் ஒரு துளசிகூடக் கிடையாது. "இன்று ஒரு வரி" என்று தலைப்புப் போட்டு என் நாவலிலிருந்து தினம் ஒரு வரியை எல்லாக் குரூப்பிலும் போடுவேன். நாற்பது நல்ல வரிகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். அவை தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

புத்தகக் கட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, கதவைத் தாழிட்டு, என்னையே படம் பிடித்துக்கொண்டேன். முதல் மூன்று படங்களில் என் நெற்றிதான் தெரிந்தது. அடையாறில் ஒரு புத்தகக் கடையில், முதுகு காட்டி நின்ற என் நாவலை யாரும் பார்க்காதபோது முகம் காட்டும்படி திருப்பி வைத்தேன். பக்கத்துப் புத்தகம் கொஞ்சம் மறைந்தது. மூத்த குடிமக்கள் சங்கத்தில் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் டீக்கும் நடுவே பத்து நிமிடம் பேசினேன். கூட்டம் முடிந்து ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நல்லா பேசினீங்க டாக்டர், எனக்கு உப்பு நிறுத்திடலாமா?" என்று கேட்டார். நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் எனக்கு இன்பமாக இருந்தன. எழுதும்போது காகிதம் பதில் சொல்லாது. போன் உடனே பதில் சொல்லும். கட்டை விரல் படம் ஒன்று வந்தால்கூட ஒரு மணி நேரம் உற்சாகமாக இருப்பேன். மூடிய கதவுக்கு வெளியே ஒருத்தி பாத்திரத்தை ஓசைப்படாமல் வைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன். ஒன்பது அடித்ததும் நோட்டை மூடுகிற சத்தம் கேட்கும்படி மூடிவிட்டு வெளியே வருவேன். "எத்தனை பக்கம்?" "மூணு."

அவள் அதைத் தோழிகளிடம் சொன்னாள். தி.நகரில் இருக்கும் தன் தம்பியிடம் சொன்னாள். இரண்டாவது நாவல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, முதலாவதைவிடப் பெரியது, பொங்கலுக்குப் படிக்கத் தருவார் என்று சொன்னாள். அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். என் பொய்யை ஐந்து வீடுகளுக்கு எடுத்துப் போனது அவள் வாய்.

இந்த நிலையில்தான் அவள் தம்பியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மண்டபத்தில் சாப்பிட்டுக் கிளம்புகிற எல்லோர் கையிலும் ஒரு தாம்பூலப் பை கொடுப்பது வழக்கம். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கூடவே ஏதாவது ஒரு பொருள். என் மைத்துனன் சின்ன எவர்சில்வர் டப்பா கொடுக்கத் தீர்மானித்திருந்தான். அதைக் கேட்ட நிமிடத்தில் என் மனதில் விளக்கு எரிந்தது. நானூறு பை என்றால் நானூறு வீடு. மைலாப்பூரிலிருந்து மாம்பலம் வரை, வாங்கவே மாட்டேன் என்று சொல்ல முடியாத நானூறு வாசகர்கள். பத்தொன்பது குரூப்பையும் தூக்கிச் சாப்பிடும் விஷயம்.

மூன்று வாரம் அவனைப் போனில் விடாமல் பிடித்தேன். எல்லா அழைப்பும் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள், வெளியே கேட்காத குரலில்தான். டப்பாவை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், எல்லார் வீட்டிலும் டப்பா இருக்கிறது, அக்கா புருஷன் எழுதிய புத்தகம் என்றால் உனக்குத்தான் பெருமை என்றெல்லாம் பேசினேன். பாவம், நல்லவன். டப்பா வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டான். என் மனைவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு பட்டுப் புடவையோடு என் நாவல் கட்டுகளும் டாக்ஸியில் தி.நகர் போயின.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு மைத்துனன் வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பை போடும் வேலை ஆரம்பித்தது. வட்டமாக உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வெற்றிலை பாக்கு. மைத்துனன் தேங்காய். கல்யாணப் பெண் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை. நான் புத்தகம். ஒவ்வொரு பிரதியையும் பைக்குள் வைக்கும்போது அட்டையை ஒரு தடவை தடவினேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு எதிரே கல்யாணப் பெண்ணின் பெரியம்மா. ராயப்பேட்டைக்காரர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஒரு வார்டு முழுவதையும் ஒரே அதட்டலில் எழுப்பிய குரல் இன்னும் குறையாமல் இருந்தது. அவர் வேலை மஞ்சள் குங்குமம். ஐம்பது பை ஆனதும் கொட்டாவி விட்டார். சும்மா கையை மட்டும் ஆட்டிக்கினு இருந்தால் தூக்கம் வருகிறது, நான் படிக்கிறேன், நீங்கள் போடுங்கள் என்று சொல்லி, என் கையிலிருந்த பிரதியை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்குப் புல்லரித்தது. என் நாவலை இன்னொருவர் குரலில் நான் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

சிஸ்டர் படித்தார். மண்டபம். நாதஸ்வரம். தாலி வைத்த தட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றி வருகிறது. முன்வரிசையில் யாரோ கை தவறவிட, தட்டு கவிழ்கிறது. தாலி நாற்காலிக்கு அடியில் உருள்கிறது. ஒரு கிழவி அபசகுனம் என்கிறாள். மணப்பெண் எழுந்து நின்று, "இது சகுனம் இல்லை, எனக்குக் கிடைச்ச சாக்கு" என்று சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறாள்.

கண்ணைத் திறந்தேன். வெற்றிலை நின்றிருந்தது. மைத்துனன் கையில் ஒரு தேங்காய் பைக்கு மேலே அப்படியே தொங்கியது.

"இன்னா சார் இது" என்றார் சிஸ்டர். "மொத பக்கத்துலயே பொண்ணு எகிறிட்டாளே. கல்யாண வூட்டுல குடுக்கிற புக்கா இது?"

மைத்துனன் தேங்காயைக் கீழே வைத்தான். "மாமா, நீங்க இதைப் படிச்சீங்களா?"

"நான்தானே எழுதினேன், மாப்ளே."

"அது தெரியும் மாமா. படிச்சீங்களா?"

சத்தியமாக அந்த முதல் பக்கம் எனக்கு மறந்து போயிருந்தது. நாற்பது வரிகளை மட்டும் பதினோரு மாதமாகச் சுற்றிச் சுற்றி அனுப்பியதில், இருநூற்று எழுபது பக்க நாவல் எனக்குள் நாற்பது வரியாகச் சுருங்கிவிட்டது. அட்டை ஞாபகம் இருந்தது. பின்னட்டையில் இருக்கும் என் படம் ஞாபகம் இருந்தது. ஒரு கல்யாணம் நின்றுபோவதில்தான் கதை தொடங்குகிறது என்பதை, நானூறு பிரதிகளைக் கல்யாண வீட்டுக்குத் தூக்கி வந்த நான் மறந்துவிட்டேன். படித்திருந்த என் மனைவிக்கும், புத்தகம் நானூறு வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில், அது தோன்றவில்லை.

மைத்துனன் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தும்மினால்கூட நாலு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். தேங்காய் மட்டும் போதும், புத்தகத்தை எடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னான். கல்யாணப் பெண் மட்டும் கேட்கவில்லை. "மேல படிங்க பெரியம்மா. அவ எங்க போறா?" என்றாள். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்றார் சிஸ்டர், அதற்குள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருந்தார்.

அப்போது என் மனைவி வெற்றிலைக் கவுளியைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்து, ஒரு கணக்குக்கு இரண்டாவது வழியும் உண்டு என்று விளக்குகிற மாதிரி பொறுமையாகப் பேசினாள்.

"புத்தகம் பைக்குள்ளயே இருக்கட்டும். முன்னால வைக்க ரெண்டு பக்கம் புதுசா எழுதித் தருவார். அதைப் படிச்சா யாருக்கும் கோபம் வராது. தினம் மூணு பக்கம் எழுதற மனுஷன்டா அவர். இது ஒரு மணி நேர வேலை."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் என்னை உட்காரவைத்தார்கள். மூட்டையிலிருந்து உருண்ட தேங்காய்களுக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட அண்டாதான் மேசை. எழுத, மீந்துபோன கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம். பேனாவைத் திறந்தேன். இல்லறம் என்பது, என்று எழுதி அடித்தேன். மணமக்கள் இருவரும், என்று எழுதி அடித்தேன். அரை மணி நேரம் போயிற்று. கட்டை விரல் போனைத் தேடியது. அதை ஹாலிலேயே விட்டிருந்தேன்.

மோர் எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். அடித்து அடித்து வைத்திருந்த பத்திரிகைகளைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்த நீல நோட்டுல பதினோரு பக்கம்தான் இருக்கு" என்றேன்.

"இந்த மாசமா?"

"மொத்தமே."

டம்ளரை அண்டாவின் மேல் வைத்தாள். முதல் வரியிலேயே தப்புப் போட்ட கணக்கைக் கடைசிவரை திருத்தி வந்த டீச்சர் மாதிரி நின்றாள்.

"அப்போ தினம் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணீங்க?"

"முதல் புத்தகத்தை விக்கப் பார்த்தேன். போன்ல."

"மூணு மணி நேரமும்?"

தலையை ஆட்டினேன்.

"நான் மிக்ஸி போடாம இருந்தேன்" என்றாள்.

கடற்கரையைப் பற்றிப் பேசவில்லை. பதினான்கு வருடத் தோழிகளைப் பற்றிப் பேசவில்லை. ஐந்து வீட்டில் அவளைப் பொய் பேச வைத்ததையும் சொல்லவில்லை. மிக்ஸியை மட்டும் சொன்னாள். மன்னித்துவிடு என்று நான் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதை நாளன்னிக்குப் பேசிக்கலாம். நாளைக்குக் கல்யாணம். வெளியில நானூறு பை வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, எழுதுங்க." வாசல்வரை போனவள் திரும்பினாள். "பெருசா எதுவும் வேண்டாம். நடந்ததை எழுதுங்க, போதும்."

மோரைக் குடித்தேன். நடந்ததை எழுதினேன். இந்தப் புத்தகம் இந்தப் பைக்குள் எப்படி வந்தது என்று ஆரம்பித்தேன். எவர்சில்வர் டப்பாவைத் தோற்கடித்த என் பேராசை, ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்தது, சிஸ்டர் படித்த குரல், அந்தரத்தில் நின்ற தேங்காய், "படிச்சீங்களா மாமா" என்று மைத்துனன் கேட்டது, மருதாணிக் கையோடு மேல படிங்க என்ற கல்யாணப் பெண். கதையில் ஓடிப்போகிறவளுக்காக இவ்வளவு கவலைப்படுகிற பெண், தனக்குப் பிடித்தவனைத்தான் நாளைக்குக் கைப்பிடிக்கிறாள், கெட்டியாகவே பிடித்துக்கொள்வாள் என்று முடித்தேன். வெளியே பாத்திரம் விழுந்தது, யாரோ சண்டை போட்டார்கள், குழாய் திறந்தே ஓடியது. எதுவும் என்னைத் தடுக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் இரண்டு தடவை தனியாகச் சிரித்தேன். இதற்காகத்தானே எழுத வந்தேன் என்று தோன்றியது. பதினோரு மாதம் ஓசையில்லாத அறையில் கிடைக்காதது தேங்காய் மூட்டைக்கு நடுவில் கிடைத்தது.

சிஸ்டர்தான் அதையும் ஹாலில் உரக்கப் படித்தார். தன் குரலைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்தி, என்னை முறைத்து, அதை இன்னும் உரக்கப் படித்தார். மைத்துனன் சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டப்பாவை ரத்து செய்ததில் அவனுக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்ததாம், இப்போது போய்விட்டதாம். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்க்காமல் வெற்றிலை எண்ணினாள்.

அச்சடிக்க வேண்டுமே. தன் தெருவில் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, சிஸ்டர் என்னை ஆட்டோவில் ராயப்பேட்டைக்குக் கூட்டிப் போனார். அந்தச் சின்ன அச்சகத்தில் கல்யாண வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மேசையில் தயாராகிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் இருந்தவர் பழக்க தோஷத்தில் என் பக்கத்துக்குக் கறுப்புக் கரை கட்டினார். "நைனா, இது உசுரோட கீறவரு எழுதினது, மஞ்சக் கலர் போடு" என்றார் சிஸ்டர். நான்கு மணிக்கு மஞ்சள் கரையோடு நானூறு தாள்கள் தி.நகர் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செருகினோம். நானும் என் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "அதைக் குடுங்க", "இதைத் தள்ளுங்க" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

மறுநாள் முகூர்த்தத்தில் தாலித் தட்டு சபையைச் சுற்ற இறங்கியபோது, முதல் நாள் பை போட்ட அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மைத்துனன் தட்டை இன்னொருவரிடம் கொடுக்கவே இல்லை. தளும்பத் தளும்ப அமிலம் நிறைந்த பீக்கரைத் தூக்கிப் போகிற முதல் வருட மாணவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக அவனே வந்தான். என்னிடம் வந்தபோது தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தூரத்திலிருந்தே கையை நீட்டித் தொட்டுக் கும்பிட்டேன். மணமேடையில் கல்யாணப் பெண் குனிந்த தலையோடு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டை கொடுத்தார்.

சீக்கிரம் சாப்பிட்டுப் பை வாங்கியவர்கள் மண்டப வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபடி அந்த மஞ்சள் தாளைப் படித்தார்கள். சிஸ்டர் யார், சிஸ்டர் யார் என்று தேடினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் தானே போய் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் பந்தி முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா என்னைத் தேடி வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து எங்க போகுது? எங்க வீட்டம்மா பத்தாம் பக்கம் வந்துட்டா. சாப்பிட எழுந்துக்க மாட்டேங்கறா."

தாம்பரத்துக்கு என்று சொன்னேன். நாலடி தள்ளி என் மனைவி நின்றிருந்தாள். அதைக் கேட்டாள். இருந்தாலும் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளன்னிக்கு வந்தது. காலையில் அவள் நீல நோட்டைக் கையில் எடுத்து, "திறக்கலாமா?" என்று கேட்டாள். நான் ஏமாற்றியது தெரிந்த பிறகும் அனுமதி கேட்டாள். பால்கனியில் நின்றபடியே பதினோரு பக்கத்தையும் படித்தாள். ஐந்தாம் பக்கத்துக்கு ஒரு தடவை திரும்பிப் போய் மறுபடி படித்தாள். முடித்ததும் நோட்டை மூடி, அதை வைத்தே என் தோளில் ஒரு அடி வைத்தாள். வலித்தது.

"இவ்வளவு நல்லா வர்றதை விட்டுட்டு மாடித் தோட்டம் குரூப்புல என்ன வேலை உங்களுக்கு?"

பிறகு அவள் அழுதாள். பக்கம் எழுதாததற்காக அழவில்லை என்றாள். பதினோரு மாதம் இந்த வீட்டில் பூனை மாதிரி நடந்தேன், ஒரு நாள்கூடவா உங்களுக்கு வெளியே வந்து உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை என்று கேட்டாள். தோன்றவில்லை என்றுதான் சொன்னேன். நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் இவ்வளவு அசிங்கமான உண்மையை நான் அவளிடம் சொன்னதில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி, இதுக்காவது மூணுன்னு பொய் சொல்லாம இருந்தீங்களே என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த நாளிலிருந்து அவள் கடற்கரைக்குப் போகிறாள். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் போய் அவள் தோழிகள் நால்வரிடமும் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்னை லேசில் விடவில்லை. மீன்கார அம்மாவிடம் பேரம் பேச இவளை விட்டால் ஆள் கிடையாது, பதினோரு மாதம் சொன்ன விலைக்கே வஞ்சிரம் வாங்கினோம், அதற்கும் சேர்த்து ஒரு நாவல் எழுதுங்கள் என்றார்கள். மீன்கார அம்மா, அந்தப் பதினோரு மாதந்தான் நான் நிம்மதியா இருந்தேன் என்றார்.

பாலும் மோட்டாரும் மறுபடி என் வேலை. போன் அவள் கைப்பையில் கடற்கரைக்குப் போய்விட்டு வரும். புத்தகம் விற்கிற வேலைக்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும். மாடித் தோட்டக் குரூப்பிலிருந்து விலகியபோது ஒருவர் "உங்கள் தக்காளியை இழக்கிறோம்" என்று எழுதியிருந்தார். மகன் அறையில் கதவைச் சாத்தி எழுதுவதில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, காய்கறி வண்டி எல்லாம் நோட்டுக்குள் வந்து போகின்றன. ஒரு பக்கம் வருகிறது, சில நாள் அரைப் பக்கம். வந்ததை மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. சரியாக இரண்டு மணிக்கு ராயப்பேட்டையிலிருந்து சிஸ்டரும் போனில் வந்துவிடுவார். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைப்போம்.

கதையில் ஒரு பெண் அடையாறு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவளைச் சுற்றியே நாலு நாள் எழுதினேன். வெயில் எழுதினேன், எதிர்க் கடை எழுதினேன், செருப்பு அறுந்ததை எழுதினேன். நேற்று என் மனைவி, இவள் கையில் வீட்டுச் சாவி இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். அதை நான் யோசிக்கவே இல்லை. சிஸ்டருக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. "நாலு நாளா நடு ரோட்ல நிக்கினு கீது சார் அந்தப் பொண்ணு. ஒரு ஷேர் ஆட்டோவாச்சும் வரச் சொல்லு."

இன்று காலை ஷேர் ஆட்டோ வந்தது. சாவி அவள் பையில்தான் இருக்கிறது. அவள் ஏறிவிட்டாள், மத்திய கைலாஷ் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாள். மணி ஒன்றரை. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் அவளை எங்காவது இறக்கியாக வேண்டும்.